நடுத்தரக் குடும்பம் தனியார் தொடக்கப் பள்ளி தேடும்போது

முதல் வருடக் கட்டணம் பெரும்பாலும் யாரையும் கவிழ்ப்பதில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் சேர்க்கிறோம். கவிழ்ப்பது அதற்குப் பிறகு வருவது. வருடா வருடம் ஏறும் ஃபீஸ், டைரியில் ஒட்டி வரும் சின்னச் சின்னத் தொகைகள், கட்ட முடியாத மாதத்தில் பிள்ளையின் முகம் வாடுவது. அதனால் ஒரு பள்ளி நம்மை எப்படி நடத்தும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் மெனக்கெட்டால் முடியும்.

முதலில் கணக்கு. கடைசி மூன்று வருடக் கட்டண விவரத்தை அலுவலகத்தில் கேளுங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் ஏறுகிறது என்றால், முதல் வகுப்பில் 100 ஆக இருப்பது ஐந்தாம் வகுப்பில் 146 ஆகிவிடும். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 500 வரும் என்று நினைத்திருப்போம், வருவது 610. அடுத்து, ஒரு வருடக் கட்டணத்தோடு சேர்க்கைக் கட்டணம், டெபாசிட், யூனிஃபார்ம், புத்தகம், வேன், சுற்றுலா, ஆண்டு விழா உடை, பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுங்கள். அட்மிஷனுக்கு முன் மூன்று மாதம் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டாவது மாதமே அதில் கை வைக்க வேண்டியிருந்தால், அந்தப் பள்ளி நம் வருமானத்துக்கு மீறியது. இன்னொரு பிள்ளை இருந்தால், இருவரும் ஒரே நேரத்தில் படிக்கும் வருடங்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். பலர் தடுமாறுவது அங்கேதான்.

சலுகை கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் விவரமாகக் கேளுங்கள். அது ஒரு வருடத்துக்கா, பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரைக்குமா? ஒவ்வொரு வருடமும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா? ஃபீஸுக்கு மட்டுமா, வேனுக்கும் சுற்றுலாவுக்கும் சேர்த்தா? முதல் வருடம் தாராளமாகக் குறைத்து, பிள்ளை அங்கே ஒட்டிக்கொண்ட பிறகு முழுத் தொகையைக் கேட்பதும் நடக்கிறது. எவ்வளவு தருவார்கள் என்றாலும் எழுத்தில் வாங்குங்கள். உதவிக்கென்று ஒதுக்கிய பணம் சீக்கிரம் தீர்ந்துவிடலாம் என்பதால், அட்மிஷன் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது.

அலுவலகத்தில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “ஒரு மாதம் ஃபீஸ் கட்டத் தாமதமானால் என்ன செய்வீர்கள்?” பெற்றோரை ஃபோனில் கூப்பிட்டுப் பேசி, தவணை பிரித்துத் தருவோம் என்றால் சரி. பிள்ளை கையில் சீட்டு கொடுத்தனுப்புவோம், தேர்வு எழுத விடமாட்டோம் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். ஏழு வயதுக் குழந்தை வகுப்பறையில் எழுந்து நின்று அந்தச் சீட்டை வாங்குவது என்ன வேதனை என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் படிப்பும் அதற்கு ஈடாகாது.

பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். சாதாரண நாளில், வகுப்பு நடக்கும்போது 20 நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு பிள்ளை தப்பான பதில் சொல்லும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். “எப்படி யோசிச்சே, சொல்லு?” என்று கேட்டு அந்தப் பிள்ளையோடு நிற்கிறாரா, உடனே கை தூக்கிய இன்னொரு பிள்ளைக்குத் தாவுகிறாரா? சுவரில் ஒட்டிய ஓவியங்கள் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தால், பெரியவர்கள் கைவைத்தவை என்று புரிந்துகொள்ளலாம். கழிப்பறையையும் குடிதண்ணீரையும் பாருங்கள்.

வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் கணக்காகப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை ஆசிரியர் மூன்று நிமிடம் கேட்டால், 20 பேருக்கு ஒரு மணி நேரம், 35 பேருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். உதவி ஆசிரியர் இல்லாத பெரிய வகுப்பில் தினமும் அது நடக்காது. மெதுவாக வாசிக்கும் பிள்ளை பின்தங்கும், பிறகு டியூஷன் செலவும் நம் தலையில் விழும். போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பாதிக்கு மேல் மாறியிருந்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் பெற்றோரிடம் பேசுங்கள். பள்ளி அறிமுகப்படுத்தும் பெற்றோர் வேண்டாம், நீங்களாகப் போய்ப் பேசுங்கள். “நல்ல பள்ளியா?” என்றால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “கடைசியாக எதற்குப் பணம் கேட்டார்கள்? பிறந்தநாளுக்கு வகுப்புக்கே பரிசு கொடுக்க வேண்டுமா? சுற்றுலாவுக்குப் போகாத பிள்ளைகள் அன்றைக்கு என்ன செய்தார்கள்?” என்று கேளுங்கள். பெற்றோர் கூட்டம் எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம். எப்போதும் வேலை நாளில் காலை 11 மணிக்கே வைக்கும் பள்ளி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெற்றோரை நினைத்துப் பார்க்கவில்லை.

பிள்ளையை அரை நாள் வகுப்பில் உட்கார வைக்கச் சம்மதித்தால் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் “பிடிச்சுதா?” என்று கேட்பதை விட, “யார் பக்கத்துல உட்கார்ந்தே? விளையாட யார் கூப்பிட்டாங்க?” என்று கேளுங்கள். பதிலில் ஒரு பெயராவது வந்தால் நல்ல அறிகுறி. முதல் நாள் பேசாமலே இருக்கும் பிள்ளைகளும் உண்டு, அதை வைத்து மட்டும் பள்ளியை ஒதுக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன், நடுவில் விலகினால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பும், டெபாசிட் எத்தனை நாளில் வரும், மாற்றுச் சான்றிதழுக்கு என்ன நிபந்தனை என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி, “நீங்கள் சொன்னது இதுதானே?” என்று பள்ளிக்கு அனுப்புங்கள். வரும் பதிலையும் ரசீதுகளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் ஃபீஸ் பேச உட்காரும்போது அது கையில் இருக்கட்டும்.