மெனோபாஸும் முடக்குவாதமும் சேர்ந்தால்: எந்த வலி எதனால்?

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தாலே மூட்டு வலிக்கலாம். ஆகவே ஒவ்வொரு வலியையும் முடக்குவாதத்தின் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

காலையில் எழுந்ததும் மணி பாருங்கள். விரல்களை மடக்கி முழுசாக முஷ்டி பிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது? அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால், கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தால், அழற்சி கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். வீக்கமில்லாமல் அங்கங்கே வலித்து, நடமாடினால் சீக்கிரம் விட்டுவிட்டால், ஹார்மோன் காரணமாக இருக்கலாம். இரண்டு வாரம் நோட்டில் குறியுங்கள்: விறைப்பு நிமிடம், வீங்கிய மூட்டு, இரவு வியர்வை, தூக்கம். டாக்டரிடம் "உடம்பெல்லாம் வலி" என்பதைவிட இந்தப் பக்கம் நன்றாகப் பேசும்.

வியர்வையோடு காய்ச்சலும் இருந்தால் அதை மெனோபாஸ் என்று விட்டுவிடக் கூடாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு அது தொற்றாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

எலும்புக்கு இரட்டை அடி: மெனோபாஸும் அதை மெலிய வைக்கும், முடக்குவாதமும் அதற்கான ஸ்டீராய்டும் மெலிய வைக்கும். ஸ்டீராய்டு மூன்று மாதம் தாண்டினால் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். கால்சியம், உணவையும் சேர்த்து நாளுக்கு சுமார் 1200 மி.கி.; மாத்திரை ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம், சரியாக உறிஞ்சப்படாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தூக்கம் கெட்ட மறதியில் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அட்டையிலேயே கிழமையை எழுதிவையுங்கள்.