பாலத்தில் கொதித்த கார்

பினாங்குப் பாலத்தின் நடுவில் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. அக்கரையில் பிறை ஊரில் இறங்குவதற்குள் இன்ஜின் அடங்கிவிட்டது. பதினாறு வயது கார். முதல் மெக்கானிக் பானெட்டைத் திறந்த வேகத்திலேயே, "இன்ஜின் போச்சு தம்பி, தள்ளிடு" என்றார். பழைய இரும்புக்குப் போட்டால் 1,200 வெள்ளி (ரிங்கிட்). ஹாஃப்கட் இன்ஜின், அதாவது வெளிநாட்டிலிருந்து வெட்டி வந்த பழைய காரின் இன்ஜின், போட்டால் 3,500. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் இன்ஜின் எண்ணை மாற்றிப் பதியும் அலைச்சல் வேறு.

மனசு கேட்கவில்லை. பட்டர்வொர்த்தில் தெரிந்த அண்ணனிடம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்கச் சொன்னேன். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் இல்லை. இன்ஜின் எண்ணெயோ தண்ணீர் கலந்து, தே தாரிக் (பால் தேநீர்) நிறம். "கேஸ்கெட்தாண்டா" என்றார்; இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு அது. ஹெட்டைக் கழற்றினால் அதேதான், சிலிண்டர் சுவரில் கீறலே இல்லை. ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவி, கேஸ்கெட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மாற்ற 1,450 ஆனது. ஹெட்டில் வெடிப்பு இருந்திருந்தால் நானே இரும்புக்குத் தள்ளியிருப்பேன்.