கார்பன் இழைத் தகட்டில் ஒளிந்திருக்கும் அடுக்குப் பிரிவை லாம்ப் அலைகளால் கண்டறிதல்: தொடக்கநிலைச் செய்முறை

கார்பன் இழைத் தகட்டின் மீது ஒரு ஸ்பானர் கை தவறி விழுந்தால் மேற்பரப்பில் கீறல்கூடத் தெரியாமல் போகலாம். ஆனால் உள்ளே அடுக்குகள் பிரிந்து, அமுக்க விசையைத் தாங்கும் வலிமை வெகுவாகக் குறைந்திருக்கக்கூடும். வழக்கமான மீயொலிச் சோதனையில் இதைப் பிடிக்கத் தகட்டை அங்குலம் அங்குலமாக வருட வேண்டும். 1917-இல் ஹோரஸ் லாம்ப் கணித வழியில் விளக்கிய தகட்டு அலைகளோ ஓரிடத்தில் கிளம்பித் தகடெங்கும் பரவுவதால், நான்கைந்து சென்சார்களே பெரிய பரப்புக்குப் போதும்.

1. அதிர்வெண். 2 மி.மீ. தடிமனும் அரை மீட்டர் பக்கமும் உள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் விண்வெளி மையம் இலவசமாக வழங்கும் டிஸ்பர்ஷன் கால்குலேட்டரில் தகட்டின் அடுக்கு வரிசையைக் கொடுத்தால், அதிர்வெண்ணுக்கு ஏற்ப அலையின் வேகம் மாறுவதைக் காட்டும் வரைபடம் கிடைத்துவிடும். தொடக்கத்தில் விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. லாம்ப் அலைகளில் அடிப்படையானவை இரண்டு: தகட்டின் இரு பரப்புகளும் சமச்சீராக அசையும் எஸ்0, தகடு மேலும் கீழுமாக வளையும் ஏ0. 50 கிலோஹெர்ட்ஸில் எஸ்0 அலையின் நீளம் ஏறக்குறைய 120 மி.மீ., ஏ0 அலையின் நீளம் 20 மி.மீ. அளவில் இருக்கும். சிறிய பிரிவைக் காட்டிக்கொடுப்பது குறுகிய அலையே என்பதால், ஏ0-வையே நான் பரிந்துரைப்பேன்.

2. ஒட்டுதல். மின்னழுத்தம் கொடுத்தால் அதிர்ந்து அலையைக் கிளப்பவும், அலை வந்தால் மின்னழுத்தம் தரவும் வல்ல 10 மி.மீ. பீசோ வில்லைகளே இங்குச் சென்சார்கள். அவற்றை 300 மி.மீ. இடைவெளியில், இரு பகுதி எபாக்ஸியை மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே இரு மின்முனைகளும் மேற்புறமே அமைந்த வில்லைகளை வாங்குவது நல்லது.

3. சமிக்ஞை. ஹானிங் சாளரமிட்ட (அதாவது வீச்சு மெல்ல ஏறி மெல்ல இறங்கும்) 5 சுழற்சி அலைத்தொகுப்பை அனுப்பி, நொடிக்கு 20 லட்சம் மாதிரிகள் வீதம் பதிந்து, 128 பதிவுகளின் சராசரியை எடுங்கள். திரையின் தொடக்கத்தில், சென்சார் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இடம் மாறாமல் நிற்கும் துடிப்பு தகட்டின் வழியே வந்ததன்று. அது கம்பிகளுக்கிடையே நேரும் மின்கசிவு என்பதால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

4. அடிப்படைப் பதிவு. பழுதற்ற தகட்டின் பதிவை, பின்னர் எடுக்கும் பதிவிலிருந்து கழித்தால் மிஞ்சுவதே பழுதின் தடயம் என்று பாடநூல்கள் சொல்லும். அங்கேதான் வெப்பநிலை குறுக்கிடுகிறது. தகடு சூடானால் இழைகளைப் பிணைக்கும் பிசின் இளகி அலையின் வேகம் குறையும். 50 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 20 மைக்ரோநொடி. அதில் வெறும் 1 மைக்ரோநொடி தாமதமே கழித்தலில் மூல அலையின் வீச்சில் சுமார் 31 சதவீதத்தை மிச்சம் வைத்துவிடும். சிறிய அடுக்குப் பிரிவு சிதறடிக்கும் அலை பெரும்பாலும் அதைவிட மெலிந்தது. ஆகவே, பழுதில்லாத தகட்டிலேயே காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாகப் பதிந்து, முதலில் அவ்விரண்டையும் கழித்துப் பாருங்கள். அந்த மிச்சத்தைத் தாண்டாத எதையும் பழுது என்று அறிவிக்கக் கூடாது.

இந்தத் தாமதம் எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. அதிக தூரம் பயணித்து வந்த அலை அதிகமாகப் பிந்துகிறது. எனவே பதிவை நகர்த்தினால் பொருந்தாது, நேர அச்சையே நீட்ட வேண்டும். நீட்டல் விகிதத்தை 0.99 முதல் 1.01 வரை சிறுசிறு படிகளாக மாற்றி, மிச்சம் எங்கே மிகக் குறைகிறதோ அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நீட்டும்போது அலைத்தொகுப்பின் அதிர்வெண்ணும் சற்றே மாறிவிடுவதால், சில டிகிரி வேறுபாட்டுக்கே இம்முறை செல்லும். அதற்கு மேல் என்றால் பல வெப்பநிலைகளில் அடிப்படைப் பதிவுகளைச் சேமித்து, நெருங்கியதைத் தேர்ந்தெடுப்பதே வழி.

5. போலிப் பழுது. தகட்டை உடைக்க வேண்டாம். வேக்யூம் பேக் செய்யும் ஒட்டும் சீலன்ட் டேப்பில் ஒரு துண்டைக் கிள்ளி உருட்டி, இரு சென்சார்களுக்கும் நடுவே அழுத்தி ஒட்டினால் ஏ0 மாறுவதைக் காணலாம். எடுத்துவிட்டால் பழைய வடிவம் திரும்ப வேண்டும். டேப் அலையை உறிஞ்சுகிறது, உண்மையான பிரிவோ சிதறடிக்கிறது. எனவே இது கருவியமைப்பைச் சரிபார்க்க மட்டுமே உதவும்.

பின்சேர்க்கை: செய்து பார்த்த சிலருக்குப் பழுதின் இடம் விலகிக் காட்டியது. அவர்கள் பயன்படுத்தியது இழைகள் அனைத்தும் ஒரே திசையில் ஓடும் தகடு. அதில் அலை இழையின் திசையில் ஒரு வேகத்திலும் குறுக்கே வேறு வேகத்திலும் செல்லும். பழுதில் சிதறிய அலை வந்துசேரும் நேரத்தை வைத்து, ஒரு சென்சார் இணைக்குப் பழுது இருக்கக்கூடிய இடங்களை நீள்வட்டமாக வரைவார்கள்; பல இணைகளின் நீள்வட்டங்கள் வெட்டும் இடமே பழுது. ஒரே வேகத்தைக் கொண்டு அந்த நீள்வட்டத்தை வரைந்தால் இடம் தவறும். 15 பாகைக்கு ஒன்றாக வேகத்தை அளந்து அட்டவணையிட்டு, ஒவ்வொரு சென்சார் இணைக்கும் அதன் திசைக்குரிய வேகத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.