மலையில் இலத்திரன் கற்றையை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் பயிற்சிக்கு வந்த இரு இளம் மருத்துவப் பௌதிகவியலாளர்கள், புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை அளிக்கும் இயந்திரமான லினாக்கின் இலத்திரன் கற்றையை அளந்துகொண்டிருந்தபோது, நான் கட்டுப்பாட்டு அறையின் மூலையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். ஆரம்ப காலத்தில் நான் செய்த பிழைகளையே, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்தார்கள். நீர்த்தொட்டிக்குள் இறக்கிக் கதிரை அளக்கும் சிறு காற்றறையான சேம்பரின் மூடியைக் கழற்ற மறப்பது, கேபிளை மாற்றிச் செருகுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை, சேம்பரின் மின்னேற்றத்தை வாசிக்கும் எலக்ட்ரோமீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். பார்வைக்கு நல்ல எண்ணாகவே தோன்றும் பிழைகளைப் பற்றியே எழுத நினைக்கிறேன்.

ஆழம்

சர்வதேச அணுசக்தி முகவரகம் 2000இல் வெளியிட்டு 2024இல் திருத்திய டிஆர்எஸ் 398 நடைமுறையின்படி, இலத்திரன் கற்றைக்குரிய நியம ஆழம், அதாவது சேம்பரை வைத்து அளக்கவேண்டிய ஆழம் என்பது, டோஸ் (உறிஞ்சப்படும் கதிரின் அளவு) பாதியாகக் குறையும் ஆழத்தை 0.6ஆல் பெருக்கி அதிலிருந்து 0.1 சென்ரிமீற்றரைக் கழிக்க வருவதாகும். பாதி ஆழம் 2.4 சென்ரிமீற்றரானால், சேம்பர் 1.34இல் நிற்க வேண்டும். தட்டைச் சேம்பரின் அளவீட்டுப் புள்ளி முன்சாளரத்தின் உட்புறத்தில் இருப்பதால், வெளிப்புறத்தை நீர்மட்டத்தோடு பொருத்திப் பூச்சியம் என்று எழுதிக்கொள்பவருக்குச் சாளரத்தின் தடிப்பளவு எல்லா ஆழங்களும் பிசகும்.

அமுக்கம்: எந்த ஊருடையது?

சேம்பருக்குள் இருப்பது வெறும் காற்று. அது நுண்துளையொன்றின் வழியே அறைக் காற்றோடு தொடர்புடையது. காற்றின் அடர்த்தி குறையும்போது அதே டோஸுக்குக் குறைந்த அயன்களே உண்டாவதால், வாசிப்பை 20 பாகை செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நியம நிலைக்குத் திருத்துகிறோம். கொழும்பில் அமுக்கத்துக்கான திருத்தக் காரணி 1ஐ ஒட்டியே நிற்பதால், அங்கே பழகியவர்களுக்கு அதன் கனம் தெரிவதில்லை. ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அமுக்கம் 955 ஹெக்டோபாஸ்கலை அண்டியிருக்கும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 810 அளவுக்கு இறங்கிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில், காற்றமுக்கத்தை அளக்கும் பாரமானி பழுதாகிக் கிடந்த ஒரு பிற்பகலில், கைத்தொலைபேசியின் வானிலைச் செயலியில் தெரிந்த 1010ஐப் பதிவேட்டில் எழுதினேன். அது கடல் மட்டத்துக்குச் சீராக்கப்பட்ட எண்; வானிலை வரைபடத்துக்குப் பயன்படுமே தவிர, மலையில் வைத்த சேம்பருக்குள் இருக்கும் காற்றோடு அதற்கு உறவில்லை. என் கணக்கில் 9 எம்.இ.வி. சக்தியுள்ள கற்றையின் டோஸ் ஐந்து வீதத்துக்கு மேல் குறைந்து காணப்பட்டது. சக ஊழியரும் தன் தொலைபேசியைப் பார்த்து அதே 1010ஐச் சொல்ல, இருவர் சரிபார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு, 100 மொனிட்டர் யூனிட்டுக்கு (இயந்திரம் தான் வெளியிடும் கதிரை எண்ணும் அலகு) 1 கிரே (டோஸின் அலகு) வரும்படி இயந்திரத்தைக் கூட்டிவைத்தோம். குறையாதிருந்த டோஸை ஏறக்குறைய ஆறு வீதம் ஏற்றிவைத்திருந்தோம் என்பது அன்றிரவு எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுநாட் காலை, சிகிச்சை தொடங்கும் முன், மூத்தவர் பதிவேட்டைப் புரட்டி அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். "தம்பி, இதைக் காலிமுகத்திடலிலா அளந்தீர்கள்?" என்று கொழும்புக் கடற்கரையைச் சொல்லிக் கேட்டார். எவருக்கும் தீங்கு நேரவில்லை; ஆனால் மறு அளவீட்டுக்கே பகல் முழுவதும் போயிற்று. ஹற்றன் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வாங்கில் காத்திருந்தவர்கள் சிகிச்சையின்றித் திரும்பினார்கள். அன்றைய பேரை (நாட்கூலியை) விட்டுவிட்டு வந்திருந்த தோட்டத்து அம்மா ஒருவர், "நாளைக்காவது சரியாகிருமாங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று மேசைமேல் நல்ல பாரமானி இருக்கிறது. ஆயினும் அவ்விரு பயிலுநர்களும் தொலைபேசியைத்தான் எடுத்தார்கள். எனக்கு இன்னும் எரிச்சலூட்டுவது இதுவே. தம் வைத்தியசாலையின் உயரத்துக்கு எந்த அமுக்கம் வரவேண்டும் என்பதை மனத்தில் வைத்திராத ஒருவர், பாரமானியே கடல் மட்டச் சீராக்கத்தில் வைக்கப்பட்டிருந்தாலும் கண்டுகொள்ளமாட்டார். மேலும், நமது வலயத்தில் அமுக்கம் முற்பகல் 10 மணியளவில் ஏறிப் பிற்பகல் 4 மணியளவில் இறங்கும். வேறுபாடு மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுதான், ஆனால் காலையில் எழுதிய எண்ணை மாலை அளவீட்டுக்கும் பயன்படுத்தினால் 0.3 வீதம் வீணே சேரும்.

நீரின் வெப்பநிலை

சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்க்காதீர்கள். குழாயிலிருந்து அப்போதுதான் நிரப்பிய மலைத் தண்ணீர் அறையைவிட ஐந்து பாகை குளிர்ந்திருந்தால், பிழை 1.7 வீதமாகும். தொட்டியை முதல்நாள் மாலையே நிரப்பிவைத்து, வெப்பமானியை நீருக்குள், சேம்பரின் பக்கத்திலேயே இறக்க வேண்டும்.

முனைவு

சேம்பருக்குக் கொடுக்கும் வோல்ட்டளவின் முனைவை (நேர், எதிர்) மாற்றியவுடன் வாசிக்காதீர்கள்; வாசிப்பு நிலைபெறச் சிறிது நேரம் எடுக்கும்.

இயந்திரத்தின் சொந்தச் சேம்பர்

கற்றையைக் கண்காணித்து, உரிய அளவில் நிறுத்தும் மொனிட்டர் சேம்பர் சில இயந்திரங்களில் அடைத்து மூடப்பட்டிருக்கும். சிலவற்றில் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க, இயந்திரமே திருத்தத்தைச் செய்துகொள்ளும். தமது இயந்திரம் எவ்வகை என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடைத்த சேம்பரில் கசிவு ஏற்பட்டால் ஒரு யூனிட்டுக்குரிய டோஸ் வாரத்துக்கு வாரம் மெல்ல மேலேறும், அதை ஒவ்வொரு முறையும் "சிறிய சீராக்கம்" என்று திருத்திவிட்டுப் போகிறவருடைய வரைபடத்தில் அந்த ஏற்றம் தெரியவே தெரியாது. ஆகையால் திருத்துவதற்கு முன்னர் கிடைத்த வாசிப்பையே வரைபடத்தில் குறிக்கும்படி சொல்லி, பென்சிலை அவர்களிடம் கொடுத்தேன்.