ஆறடிப் பலகையில் ஒரு கூட்ஸ் யார்டு: தொழிற்பேட்டை மாடல் ரயில் பாதை, முதல் முறை செய்பவர்களுக்கு

வேலையைத் தொடங்கும் முன் சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து எண்ணூர் வரை ஒரு தடவை போய் வந்துவிடுங்கள். ஜன்னலோரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று யார்டுகள் வரிசையாக வரும். துருவேறிய வேகன்கள், எண்ணெய் குடித்துக் கறுத்த மண், காம்பவுண்டுச் சுவரைப் பிளந்துகொண்டு நிற்கும் அரசஞ்செடி.

கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். தரை என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'மண் நிறம்' என்று எழுதினால் செல்லாது. தண்டவாளத்துக்கு நடுவே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம், இன்ஜின் நின்று நின்று போகும் இடத்தில் வேறொரு நிறம் இருக்கும். படம் எடுக்கும் ஆசையில் தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். ஆபத்து என்பது ஒரு பக்கம், ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட.

நிறையப் பேர் வட்டப்பாதை போட்டு எக்ஸ்பிரஸ் ஓட்டித்தான் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். சென்னை அடுக்குமாடி வீட்டில் அந்த வட்டத்தை எங்கே வைப்பது? இரண்டாவது மாதமே அது பரண் ஏறிவிட்டது. ஷண்டிங் யார்டு, அதாவது வேகன்களைப் பிரித்து மாற்றி அடுக்கும் இடம், என்றால் சுவரோரம் ஓரடி அகலம் போதும். ரயில் மெதுவாகத்தான் நகரும் என்பதால் பார்க்கிறவர்களின் கண் வேகன் மேலும் தரை மேலும் நிற்கும். ஆகவே நுணுக்க வேலைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

1. காலமும் சரக்கும்

எந்த வருடம், என்ன சரக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது 2005 வாக்கில், துறைமுகத்துக்கு வெளியே இருப்பதாக வைத்துக்கொண்ட ஒரு கற்பனை நிலக்கரிக் கிடங்கு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது, உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் எண்ணூருக்குப் போய்விட்டது. இன்றைய ராயபுரம் என்று சொல்லிக்கொண்டு அங்கே கரிக்குவியல் வைத்தால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

2. அளவுக் கணக்கு

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எச்ஓ அளவுதான் வசதி. அசலில் 87-ல் ஒரு பங்கு. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் கப்ளரிலிருந்து (வேகன்களை இணைக்கும் கொக்கி) கப்ளர் வரை 10.713 மீட்டர்; மாடலில் 123 மி.மீ. அகலமும் தண்டவாளத்திலிருந்து உயரமும் ஏறக்குறைய 37 மி.மீ. வரும். முன்னாலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட சதுரம்.

ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1676 மி.மீ.; 87-ல் வகுத்தால் 19.3 மி.மீ. கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. மூன்று மில்லிமீட்டருக்காகத் தண்டவாளத்தைக் கையால் செய்யக் கிளம்பியவர்கள் உண்டு. நீங்கள் முதல் முறையில் அந்த வம்புக்குப் போக வேண்டாம். பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாது.

பாதை அமைப்புக்கு ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய 'இங்கில்நுக்' திட்டம் இருக்கிறது. இரண்டு பாயிண்ட் (பாதை பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை), அவ்வளவுதான். ஒரு சைடிங்கில் 5 வேகன், மற்ற இரண்டிலும் மும்மூன்று நிற்க இடம்; ஓட்டுவது மொத்தம் 8 வேகன். எதிர்ப்பக்கம் ஷண்டிங் நெக், அதாவது இன்ஜின் முன்னும் பின்னும் போய்வர ஒரு துண்டுப் பாதை. இன்ஜினும் 3 வேகனும் நிற்கிற நீளம். டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் மாடலில் 197 மி.மீ. என்பதால் நெக்குக்கு 580 மி.மீ. ஒதுக்குங்கள். சிறிய பாயிண்ட் ஒன்று 185 மி.மீ. நீண்ட சைடிங்குக்கு 615. எல்லாவற்றையும் கூட்டினால் 1565. ஆறடி என்பது 1829 மி.மீ., தாராளமாக அடங்கும்.

3. பலகை

12 மி.மீ. பிளைவுட்டில் ஆறடிக்கு ஓரடி கடையிலேயே அறுத்து வாங்குங்கள். மூன்றங்குல உயரப் பட்டைகளை அடியில் நிறுத்தி, நாலாபுறமும் சட்டம் போல அடித்து, குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்று கொடுங்கள்.

பிறகு பிரைமர். மேல், அடி, ஓரம் என்று ஒரு இடம் விடாமல் அடியுங்கள். என் முதல் பலகையில் மேல்பக்கம் மட்டும் அடித்திருந்தேன். ஐப்பசி மழை தொடங்கி மூன்றாம் வாரம் பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. வேகனை எங்கே விட்டாலும் தானாக நடுவுக்கு உருண்டு வந்தது.

4. தண்டவாளமும் வயரும்

காகிதத்தில் முழு அளவுக்கு வரைந்து, பலகை மேல் விரித்து, வேகன்களை வைத்துப் பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும். இணைப்புகளில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்; வெயில் காலத்தில் அது கைகொடுக்கும். ஒட்டும் முன்பே ஒவ்வொரு துண்டின் அடியிலும் வயரைச் சால்டர் செய்து, பலகையில் ஓட்டை போட்டு இறக்கிவிடுங்கள். பாயிண்ட்டின் நாக்கு (பாதை மாற்ற நகரும் தண்டவாள முனை) வழியாகவே மின்சாரம் போய்விடும் என்று நம்பினால் கடற்காற்று ஏமாற்றிவிடும். முதல் முறைக்கு ஃப்ராக் பகுதி (இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) பிளாஸ்டிக்கில் உள்ள பாயிண்ட் வாங்கினால் வயரிங் தலைவலி குறையும்.

கன்ட்ரோலர் விலை கொடுத்து வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் போர்டு, திசை மாற்ற ஆறு கால் உள்ள டிபிடிடி சுவிட்ச் மூன்றையும் வாங்குங்கள். சக்கரம் தடம் புரண்டாலே ஷார்ட் ஆகும் என்பதால், தண்டவாளத்துக்குப் போகும் வயரில் காரின் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். ஷார்ட் ஆனால் பல்பு எரியும், போர்டு தப்பிக்கும்.

வயரிங் முடிந்ததும் தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருப் பழுப்பு நிறம் அடித்து, மேல்பக்கத்தை உடனே துடைத்துவிடுங்கள்.

5. ஜல்லியும் தரையும்

அசல் ஜல்லியின் பெரிய கல் 65 மி.மீ. என்றால் நமக்கு முக்கால் மில்லிமீட்டர். எம்-சாண்டை ரவை சல்லடையில் சலித்துப் பெரிய மணலை ஒதுக்குங்கள். கீழே விழுந்ததை டீ வடிகட்டியில் சலித்துத் தூசியைப் போக்குங்கள். நடுவில் தங்குவதுதான் வேண்டியது. அதன் மேல் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மெதுவாக இழுத்துப் பாருங்கள். மீசை மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருவது இரும்புத் துகள். அது இன்ஜின் மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. ஒன்றும் ஒட்டாத வரை இழுங்கள்.

மணலைப் பரப்பிப் பிரஷ்ஷால் ஒதுக்கி, ஸ்பிரேயில் தண்ணீர் தெளித்து, ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சொட்டு மருந்து பாட்டிலால் விடுங்கள். பாயிண்ட் நாக்கின் பக்கம் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. ஒரு விஷயம்: மெயின் லைன் மாதிரி ஜல்லியைக் குவிக்காதீர்கள். பழைய சைடிங்கில் ஸ்லீப்பர் கட்டை பாதி மண்ணுக்குள் புதைந்துதான் இருக்கும்.

மண்ணுக்குக் கொதித்த டீத்தூளைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, சலித்த செம்மண்ணோடு கலந்து தூவலாம். கழுவுவது முக்கியம். எங்கள் வீட்டில் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிடும் வழக்கம். ஒரு நாள் காலையில் பார்த்தால் இரண்டாம் சைடிங் முழுக்க எறும்பு ரயில்.

காய்ந்த துளசிக் கதிருக்கு மங்கிய பச்சை அடித்தால் புதர் ஆகிவிடும். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கினால் காய்ந்த புல். இரண்டையும் சுவரோரத்திலும், முட்டுக்கட்டை இருக்கும் கடைசி முனையிலும் மட்டும் வையுங்கள். சக்கரம் ஓடும் இடத்தில் அவ்வளவாக முளைக்காது.

6. ஷெட்டின் கூரை

சுவருக்கு 3 மி.மீ. ஃபோம் ஷீட் போதும். அதில் சொல்ல அதிகம் இல்லை. கூரையில்தான் விஷயம் இருக்கிறது.

நம் ஊர் கிடங்கு என்றால் சிமென்ட் ஷீட். அதன் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 146 மி.மீ.; மாடலில் 1.7. ஹார்டுவேர் கடையில் 12 மி.மீ. த்ரெட் ராடு (முழுக்க மரை வெட்டிய கம்பி) கேளுங்கள். அதன் மரை இடைவெளி 1.75. பார்சல் சாப்பாடு வரும் அலுமினிய டப்பாவின் அடிப்பகுதியைச் சமமாக வெட்டி, மவுஸ் பேட் மேல் வைத்து, ராடை அழுத்தி ஒரே ஒரு முறை உருட்டுங்கள். இரண்டாவது முறை உருட்டினால் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து பாழாகிவிடும். மரை சுருளாகப் போவதால் கோடுகள் சற்றே சாய்வாக விழும். அதைப் பற்றிக் கவலை இல்லை, தகட்டின் ஓரத்தைக் கோட்டுக்கு இணையாக வெட்டினால் சரியாகிவிடும்.

12 மி.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, கீழ் வரிசையிலிருந்து மேலாக ஒன்றை ஒன்று மூடும்படி ஒட்டுங்கள். பிரைமர் அடிக்காமல் அலுமினியத்தில் வண்ணம் நிற்காது. சாம்பல் நிறம் காய்ந்ததும், நீர்த்த கறுப்பை அலைகளின் பள்ளத்தில் மேலிருந்து கீழாக இழுங்கள். பாசி கறுத்த மாதிரி வரும். எல்லா ஷீட்டும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் வெளிறிப் புதிதாக இருக்கட்டும், இன்னொன்றின் மூலை உடைந்திருக்கட்டும். உடைந்த இடத்தில் நான் ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைச் சின்னதாக அச்சடித்துப் போர்த்தி, நாலு மணலைக் கல்லாக வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இன்ஜினை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

7. துரு

வேகனுக்குத் துரு ஏற்ற வெளிநாட்டுப் பவுடர் தேவையில்லை. கோலத்துக்கு வாங்கும் காவிக்கட்டி இருக்கிறதே, அதன் நிறமே இரும்பு ஆக்சைடுதான். உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்குங்கள். அடுப்புக்கரிப் பொடி தனியாக ஒரு டப்பாவில்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் நகமளவு பிய்த்து, அடர் பழுப்பு அக்ரிலிக்கில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிப் பெரும்பாலும் துடைத்த பிறகு, கதவு விளிம்பிலும் பக்கத் தூண்களின் அடியிலும் மட்டும் ஒற்றுங்கள். ஈரப் பிரஷ்ஷால் அதிலிருந்து கீழே ஒரே இழுப்பு. மழைத்தண்ணீர் போகும் வழி அதுதான். காய்ந்ததும் காவிப்பொடியை மெல்லத் தேய்த்து, மேட் வார்னிஷ் ஸ்பிரேயால் நிறுத்துங்கள். ஸ்பிரே பட்டதும் பொடி பாதி மறைந்த மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம், இன்னொரு முறை தேய்க்கலாம். வேகனின் உட்பக்கம் வெளியைவிட மோசமாக இருக்க வேண்டும். கரி விழுந்து அடிவாங்குவது அங்கேதான்.

8. ஓட்டிப் பார்க்கலாம்

எட்டு வேகனின் எண்ணையும் எட்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். அதே வரிசையில் அந்த ஐந்தும் நீண்ட சைடிங்கில் நிற்க வேண்டும், அதுதான் ஆட்டம். மொத்தம் 6720 வரிசைகள் வரும், அலுக்காது. கப்ளரைக் கழற்றக் கூரான பல்குச்சியை நடுவில் விட்டு லேசாகத் திருப்பினால் போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடம் புரண்டால் வேகனைத் திட்டாமல் அங்கே விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஃபெவிகாலில் ஒட்டிய ஒரு மணல்தான் இருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் தண்டவாளத்தின் மேல்பக்கத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வராத வரை துடைக்க வேண்டும். மூடிவைக்கப் பழைய வேட்டி ஒன்று போதும். பிளாஸ்டிக் ஷீட் போடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.