மஃபின் ஏன் ரப்பராகிறது? சாக்லேட் சிப் மஃபினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் சுட்ட சாக்லேட் சிப் மஃபினை வாயில் போட்ட அண்ணன் மகள், வெகுநேரம் மென்றுவிட்டு, "அத்தை, இது பன்னா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மேலே கோபுரம் மாதிரி ஒரு கூர்முனை. பிட்டுப் பார்த்தால் உள்ளே புழு துளைத்தது போல நீளநீளமாகப் பொந்துகள். சிப்ஸ் மொத்தமும் அடியில் போய்ப் படிந்து கறுப்பாக ஒரு தளம். அளவில் ஒரு பிசகும் இல்லை. மாவு கட்டி தட்டிவிடக் கூடாதே என்று எலெக்ட்ரிக் பீட்டரை வைத்து ஐந்து நிமிடம் பொறுப்பாக அடித்திருந்தேன். வினையே அந்தப் பொறுப்புதான்.

பரோட்டாவுக்கும் மஃபினுக்கும் ஒரே மைதாதான். பரோட்டாவுக்கு மாவை அடித்து, இழுத்து, ஊறவைத்து, மறுபடி வீசுகிறோம். எதற்கு? மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்து, கைபடக் கைபட, வலை மாதிரி பின்னிக்கொள்ளும். அதுதான் க்ளூட்டன். பரோட்டாவுக்கு அந்த இழுவை வேண்டும், மஃபினுக்கு வேண்டவே வேண்டாம். இறுகிய வலைக்குள் மாட்டிக்கொண்ட ஆவி வெளியேற வழி தேடி மேல்நோக்கி முட்டுவதால்தான் அந்தப் பொந்துகளும் கூர்முனையும். வெண்ணெய் நிறைந்த கேக்கில் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம் என்பதால் அவை க்ளூட்டனைக் கொஞ்சம் தடுத்து வைக்கும். மஃபினில் இரண்டும் குறைவு. ஆகவே கேக்குக்குப் பழகிய கை மஃபினில் சறுக்கும்.

பேசுவதற்கு ஒரு கணக்கு இருக்கட்டும் என்று நான் வழக்கமாகப் போடும் அளவைச் சொல்லிவிடுகிறேன். 12 மஃபினுக்கு மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இவை ஒரு பாத்திரத்தில். முட்டை 2, கெட்டித் தயிர் 200 மில்லி, எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய் 110 மில்லி, வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். இவை இன்னொரு பாத்திரத்தில். சாக்லேட் சிப்ஸ் 150 கிராம் தனியாக.

ஈரக் கலவையை மாவில் ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே பத்துப் பன்னிரண்டு முறை புரட்டினால் போதும். அங்கங்கே வெள்ளையாக மாவு தெரியும்போதே சிப்ஸைக் கொட்டி, இன்னும் நான்கைந்து புரட்டு. நிறுத்திவிடுங்கள். கேசரி கிளறிப் பழகிய கைக்குக் கட்டி என்றாலே ஆகாது, தெரியும். இருந்தாலும் சின்னச் சின்னக் கட்டிகளை விட்டுவிடுங்கள், வேகும்போது அவை தானே சரியாகிவிடும். பாத்திரத்தின் அடியில் ஈரமே படாத மாவு மிச்சமிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும்.

அடுத்து, சிப்ஸ் அடியில் போய் உட்காரும் பிரச்சினை. சிப்ஸை மைதாவில் புரட்டிப் போட்டால் மூழ்காது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பலமுறை புரட்டிப் பார்த்தேன். மாவு தண்ணியாக இருந்தால் கோட் போட்டுக்கொண்டு மூழ்கும், அவ்வளவுதான். விஷயம் மாவின் பதத்தில் இருக்கிறது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பஜ்ஜி மாவு போல வழியக் கூடாது. ஒரு கணம் யோசித்துவிட்டுத் தொப்பென்று விழ வேண்டும். நம் வீட்டுத் தயிரில் தண்ணீர் அதிகம். அளவுக் கோப்பையில் 200 மில்லி என்று காட்டினாலும் அதில் பாதி மோராக இருக்கும். துணியில் கட்டிப் பத்து நிமிடம் தொங்கவிட்டுப் பிறகு அளந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு ஒரு தந்திரம்: சிப்ஸ் சேர்க்கும் முன்பே ஒவ்வொரு பேப்பர் கப்பின் அடியிலும் கலந்த மாவில் ஒரு ஸ்பூன் விட்டுவிடுங்கள். கொஞ்சம் சிப்ஸை எடுத்துவைத்து, ஓவனில் வைக்கும்போது மேலே தூவுங்கள். பார்க்கவும் கடையில் வாங்கியது மாதிரி இருக்கும்.

சிப்ஸ் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் அசல் சாக்லேட். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு, ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட் என்று இருந்தால் அது காம்பவுண்ட். கோகோ பட்டர் சுமார் 34 டிகிரியில் உருகும், உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே. நாக்கில் வைத்ததும் கரைவது அதனால்தான். காம்பவுண்ட் வெயிலைத் தாங்கும், வடிவம் குலையாது, விலையும் குறைவு, ஆனால் சாப்பிட்ட பிறகு அண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒரு படலம் நிற்கும். மே மாதத்தில் நம் ஊர்ச் சமையலறையில் அசல் சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ளேயே உருகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. கலக்கும் முன் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உருக்கிய வெண்ணெயும் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு ஊற்றினால் சிப்ஸ் கரைந்து மாவு முழுக்கச் சேறு நிறமாகிவிடும். சிப்ஸே கிடைக்கவில்லையா? நல்ல டார்க் சாக்லேட் பாரைக் கத்தியால் நறுக்கிப் போடுங்கள். 1930-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட், தன் பிஸ்கெட் மாவில் சாக்லேட் பாரை நறுக்கித்தான் போட்டார். கடையில் சிப்ஸாக விற்பனைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

சோடா விஷயத்துக்கு வருவோம். ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றுதானே என்று ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடுவது அடிக்கடி நடக்கிறது. சோடா வெறும் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி). பொங்குவதற்கு அதற்கு ஒரு புளிப்பு வேண்டும், இங்கே தயிர் அந்த வேலையைச் செய்கிறது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்புப் பொருளும் உலர்ந்த நிலையில் ஏற்கெனவே கலந்திருக்கும். சோடாவின் வீரியம் பேக்கிங் பவுடரைப் போல மூன்று நான்கு மடங்கு. இரண்டு டீஸ்பூன் பவுடருக்குப் பதில் இரண்டு டீஸ்பூன் சோடாவைப் போட்டால் மஃபின் கரும்பழுப்பாகி, சோப்பு கடித்த மாதிரி இருக்கும். ஒரு கோப்பைத் தயிருக்கு அரை டீஸ்பூன் சோடா போதும், அதைத் தாண்ட வேண்டாம். இன்னொன்று, டப்பா திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. வெந்நீரில் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரைப் போடுங்கள், சடசடவென்று நுரைக்க வேண்டும். சோடாவை எலுமிச்சைச் சாற்றில் சோதிக்கலாம். பொங்கவில்லை என்றால் குப்பைக்கு.

இட்லி மாவைப் போல இதையும் கலந்து வைத்துவிட்டு அப்புறம் ஓவனைப் போடுவது இன்னொரு தவறு. சோடாவும் தயிரும் சந்தித்த நொடியிலேயே நுரை கிளம்பிவிடும். ஓவன் சூடாகும் வரை காத்திருந்தால் அந்தக் காற்றில் பாதி போய்விடும். பேக்கிங் பவுடர் மட்டும் போட்ட மாவு கொஞ்சம் தாங்கும், சோடா போட்டது தாங்காது. எனவே முதலில் ஓவன், பிறகு பேப்பர் கப்புகளை அடுக்குவது, கடைசியில்தான் கலப்பது.

முட்டையும் தயிரும் ஃபிரிட்ஜிலிருந்து அப்படியே வந்தால் உருக்கிய வெண்ணெய் அதில் பட்டதும் குருணை குருணையாக உறைந்துவிடும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவையுங்கள். எண்ணெய் ஊற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மஃபினும் மறுநாள்வரை மெத்தென்று இருக்கும், வெண்ணெய் மணம்தான் இருக்காது. நான் பாதிக்குப் பாதி ஊற்றுகிறேன்.

அளவுக் கோப்பையை மைதா டப்பாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளுவதும் கூடாது. ஸ்பூனால் தளர்வாகப் போட்டு மட்டம் தட்டினால் ஒரு கோப்பை 125 கிராம் அளவில் நிற்கும். அமுக்கி அள்ளினால் 150 கிராம்வரை போகும். இரண்டு கோப்பைக்கு 50 கிராம் அதிகப்படி மாவு, மஃபின் வறண்டுபோக அது போதும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாக வெட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்துவைப்பதும் அதுதான்.

சூடு. நம் வீடுகளில் பெரும்பாலும் ஓடிஜி (ஓவன்-டோஸ்டர்-கிரில்) என்ற சின்ன மின்சார ஓவன்தான். அதன் திருகில் 180 என்று இருந்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்ப வேண்டாம். என்னுடையதில் 160-தான் காட்டுகிறது, உள்ளே ஒரு ஓவன் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்ட பிறகுதான் தெரிந்தது. மஃபின் உருண்டு உப்பி வர வேண்டுமென்றால் தொடக்கத்தில் நல்ல சூடு தேவை. 210 டிகிரியில் ஐந்து நிமிடம், பிறகு கதவைத் திறக்காமலே 180-க்குக் குறைத்து இன்னும் பன்னிரண்டு பதினைந்து நிமிடம். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி தலைக்கு மேலேயே இருக்கும், தட்டைக் கீழ் வரிசையில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசை வரும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், திறந்தால் உப்பியது அமுங்கிவிடும். மைக்ரோவேவ் உள்ளவர்கள் சூடான காற்றால் சுடும் கன்வெக்‌ஷனில் போட்டிருக்கிறோமா என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பாருங்கள். மைக்ரோ மோடில் உலோகத் தட்டு தீப்பொறி பறக்கவிடும். குக்கரில் சுடுவதானால் கேஸ்கெட்டும் வெயிட்டும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். வெந்துவிடும், மேலே அந்தப் பொன்னிறம் மட்டும் வராது.

வெந்துவிட்டதா என்று குச்சியால் குத்தும்போது உருகிய சாக்லேட்டில் குத்திவிட்டு, "இன்னும் வேகலை" என்று மறுபடி உள்ளே தள்ளுகிறவர்கள் அதிகம். குச்சியில் கறுப்பாக ஒட்டினால் அது சிப்ஸ், வெளிறிய மாவாக ஒட்டினால்தான் வேகவில்லை. சந்தேகமிருந்தால் இன்னொரு மஃபினில் குத்துங்கள். விரலால் மேலே லேசாக அழுத்தினால் திரும்ப எழுந்து வருகிறதா என்பதையும் நான் பார்ப்பேன்.

வெளியே எடுத்ததும் ஐந்து நிமிடம் தட்டிலேயே இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். தட்டிலேயே விட்டால் ஆவி அடியில் வியர்த்து மஃபின் நசநசத்துவிடும். கம்பி வலையில் எடுத்துவைத்து முழுதாக ஆறிய பிறகு, அடியில் டிஷ்யூ பேப்பர் போட்ட டப்பாவில் மூடினால் இரண்டு நாள் தாங்கும். புழுக்கமான நாளில் ஒன்றரை நாள். ஆறினால்தான் பேப்பர் கப்பும் சுத்தமாக உரிந்து வரும். அண்ணன் மகளுக்கு அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை. சூட்டோடு உரிக்கிறாள், பாதி மஃபின் காகிதத்தோடு போய்விடுகிறது, காகிதத்தையும் சுரண்டிச் சாப்பிடுகிறாள்.