"கெசட் வந்திட்டு" என்டா சட்டம் வந்திட்டு என்டு அர்த்தமில்ல

வாட்ஸப்ல ஒரு பக்கத்தின்ட போட்டோ வரும், மேல அரச இலச்சினை, பக்கத்துல ஒரு நம்பர், அவ்வளவுதான், "வர்த்தமானி வந்திட்டு, இனி ஒண்டும் செய்ய ஏலாது" என்டு கொழும்புல வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் ஆளாளுக்கு ஷெயார் பண்ணத் தொடங்கிடுவாங்க. முதல் பிழை இதுதான். வர்த்தமானி, அதாவது கெசட், என்டுறது கட்டளை இல்ல, இலங்கை அரசாங்கம் தன்ட அறிவித்தல்கள அச்சடிச்சு வெளியிடுற பத்திரிகை. 1802ல வெள்ளைக்காரன் காலத்துல தொடங்கினது, இப்ப பேஸ்லைன் ரோட்ல இருக்கிற அரசாங்க அச்சகம் அடிக்குது. வெள்ளிக்கிழமை வாறதுல வேலை வெற்றிடமும் இருக்கும், டெண்டரும் இருக்கும். கிழமைக்குள்ள எந்த நாளும் அடிக்கக்கூடியதுதான் அதிவிசேட வர்த்தமானி, "அதிவிசேட" என்டு போட்டிருக்கிறதால அதுக்குக் கூடுதல் அதிகாரம் என்டு நினைக்க வேணாம்.

அதனால உள்ளுக்கு என்ன இருக்கு என்டு பாருங்க. பிரகடனமா, ஒழுங்குவிதியா, விலைக் கட்டுப்பாட்டு உத்தரவா, இல்லாட்டி இன்னும் நிறைவேறாத வரைவான சட்டமூலமா? அரிசிக்கு அதிகபட்ச சில்லறை விலை போட்டு வந்தா புறக்கோட்டை முதலாளி அந்த விலைக்கு மேல விக்க ஏலாது, அது உத்தரவு. ஆனா சட்டமூலம் அப்படி இல்ல, பாராளுமன்றத்துக்குப் போக முன்னம் சனம் பாக்கட்டும் என்டு வர்த்தமானியில போடுறது. இதுலதான் எனக்குப் பெரிய கவலை. நம்ம நாட்டுல ஒரு சட்டமூலம் நிறைவேறி சபாநாயகர் அது நிறைவேறினது என்டு சான்றுரை எழுதிட்டா அதுக்குப் பிறகு அந்தச் சட்டம் செல்லாது என்டு எந்தக் கோர்ட்டுக்கும் போக ஏலாது, அரசியலமைப்பு அப்படித்தான் சொல்லுது, சட்டமூலமா இருக்கிற அந்தக் கொஞ்ச நாளைக்குள்ளதான் உயர் நீதிமன்றத்துக்குப் போகணும். அந்த நேரத்துல போய் "சட்டம் வந்திட்டு" என்டு பரப்பினா, கேள்வி கேக்க வேண்டிய ஆக்களும் கைய விட்டுடுவாங்க.

உண்மையான பிரகடனமே வந்தாலும் அது கடைசி வார்த்தை இல்ல. 2018 நவம்பர் 9ஆம் திகதி அப்ப ஜனாதிபதியா இருந்த மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தக் கலைச்சது 2096/70 இலக்க அதிவிசேட வர்த்தமானியில. நாலரை வருஷம் முடிய முன்னம் தன்ட எண்ணத்துக்குக் கலைக்க ஏலாது என்டு டிசம்பர் 13ஆம் திகதி விசாரிச்ச உயர் நீதிமன்ற நீதியரசர்கள் ஏழு பேரும் ஒருமிச்சுத் தீர்ப்புச் சொல்ல அந்தக் கெசட் செல்லாமப் போச்சு. அந்த நம்பரப் பாருங்க, சாய்கோட்டுக்கு முன்னால இருக்கிறது கிழமையின்ட இலக்கம், பின்னால இருக்கிறது அந்தக் கிழமையில எத்தனையாவது என்டது. போட்டோவுல நம்பரும் திகதியும் இருந்தா அச்சகத்தின்ட வெப்சைட்ல தேடி ஒருக்கா ஒப்பிட்டுப் பாத்திட்டு அனுப்பலாமே.

இந்தியச் சேனல் பாக்கிறதால இன்னொரு குழப்பமும் வருது. கட்டளைச் சட்டம் என்டதக் கண்ட உடனே, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஓடினன்ஸ் (Ordinance) என்டுறதால, அங்க சொல்லுற அவசரச் சட்டம் மாதிரி, கொஞ்ச நாளையில காலாவதியாகிடும் என்டு நினைக்கிறாங்க. நம்மட கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்துல இயற்றின முழுச் சட்டம், 1895ஆம் ஆண்டு சான்றுக் கட்டளைச் சட்டத்த வச்சுத்தான் இண்டைக்கும் கோர்ட்டுல சாட்சி எடுக்கிறாங்க. அரசாணை (அரசாங்கம் போடுற உத்தரவு), அரசிதழ் (கெசட்) ரெண்டும் தமிழ்நாட்டு வழக்கு, அங்க ரெண்டும் வேற வேற என்டு சனத்துக்கு விளங்குது, நாம ரெண்டுக்கும் சேத்து வர்த்தமானி என்டு சொல்லிப் பழகிட்டம். சுற்றறிக்கை வேற, அது அமைச்சோ திணைக்களமோ தன்ட அதிகாரிகளுக்கு அனுப்புறது.

தமிழ்ப் பிரதிய மட்டும் வாசிச்சிட்டு முடிவெடுக்கிறதும் சரியில்ல. சிங்களத்துக்கும் தமிழுக்கும் முரண் வந்தா சிங்கள உரைதான் மேலோங்கும் என்டு அநேகமான சட்டங்கள்ல கடைசிப் பிரிவுலயே எழுதியிருக்கும். காணி, வரி, அபராதம் சம்பந்தப்பட்டது என்டா சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஒராளக் கூப்பிட்டு அந்தப் பிரிவ மட்டுமாவது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.